நாங்களே வெள்ளையடித்துக் கொடுத்த கோபுரம்

போன வாரம் கைபேசியில் ஒரு படம் வந்தது. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸாப் குழு அது. காலையில் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங், பத்து மணிக்குச் சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய்த் தண்ணீர், மதியத்துக்கு மேல் அரசியல் சண்டை என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதில் திடீரென்று கறுப்பு வெள்ளையில் ஒரு மணல்மேடு. மேட்டின் உச்சியில் உருண்டையாக ஒரு செங்கல் கோபுரம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: 'திருவொற்றியூர்க் கடலோரம் இருந்த பழைய காவல் கோபுரம். நெடுங்காலம் யாரும் பயன்படுத்தாமல் கைவிடப்பட்டுக் கிடந்து, பிறகு இடிக்கப்பட்டது.' அதற்கும் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

கைவிடப்பட்டுக் கிடந்ததாம். டம்ளரை நான் மேஜையில் வைத்த வேகத்தில் பாதிக் காப்பி கொட்டிவிட்டது. "யாரு போய்ட்டா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். எங்கள் வயதில் கைபேசியைப் பார்த்து முகம் மாறினால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். யாரும் போகவில்லை, ஒரு கோபுரம்தான் என்றேன். அவள் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, துடைத்து வையுங்கள் என்று போய்விட்டாள்.

கோபுரம் என்றால் கோயில் கோபுரம் இல்லை. அதுவும் எங்கள் ஊரில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, அதை யாரும் எதுவும் செய்ய முடியாது. நான் சொல்வது கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்ற மணல்மேட்டையும், அதன்மேல் வெள்ளைக்காரன் காலத்தில் எவனோ கட்டிவைத்த கோபுரத்தையும். மேட்டின் அடியில் இருந்த மீனவர் குப்பத்தில் அதற்குப் பெயர் மலை. "மலைல கீறான்", "மலைக்குப் போய்ட்டு வந்தேன்" என்றுதான் பேச்சு. தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு இதைக் கேட்டால் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். "ஏலே, இதப் போயி மலைங்கானுவளே. நம்மூர்ல இத மேடுன்னுகூட ஒருத்தனும் சொல்லமாட்டான்" என்பார். அப்படிச் சொன்னவர்தான், ஒருநாள் மூச்சு வாங்க மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கீழே இறங்கியதும் கடைக்கு வந்த ஆளையெல்லாம் ஒருதரம் மலைக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

அவ்வளவும் தெரியும் அங்கிருந்து. வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள். தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள், அதற்கும் அப்பால் வெயிலில் மங்கலாகப் பட்டணம். மேற்கே கும்மிடிப்பூண்டி ரயில் தீப்பெட்டி தீப்பெட்டியாக ஊர்ந்து போகும். கீழே இருக்கும்போது மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றமெல்லாம், உரத்தின் நெடி, காய்ச்சின ரப்பர் நெடி, எல்லாம் மேலே போனால் காற்றில் எங்கோ ஓடிவிடும். கோபுரத்துக்கு உள்ளே மட்டும் வேறு வாசனை. தார், தேங்காய் நார்க் கயிறு, கருவாடு, பீடி, பழைய மழைத் தண்ணீர், எல்லாம் சேர்ந்த ஒன்று. அது வந்தால் ஏழுமலை மேலே இருக்கிறான் என்று அர்த்தம்.

ஏழுமலை என் வயதுக்காரன். அவன் அம்மா நாகம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். அந்த வழியில்தான் பழக்கம். அவன் பெயரை அவன் அம்மா உட்பட ஒருத்தரும் ஒழுங்காகச் சொன்னதில்லை, ஏயுமலைதான். இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப்போனவன். கட்டுமரத்தில் நிற்க முடியாது. நிற்க முடியாதவனை யார் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்? கடலுக்குப் போகாதவனுக்குப் பங்கு கிடையாது, அது குப்பத்து வழக்கம். அந்த வழக்கத்தில் ஏழுமலைக்கு மட்டும் ஒரு இடம் செய்து கொடுத்திருந்தார்கள். அவன் கோபுரத்தில் இருந்தால் கடலில் இருப்பதாகவே கொள்வது என்று.

ஏனென்றால் அவன் கண் அப்படி. கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலைக்கு மேலே நின்று மீன் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். படகில் இருப்பவனுக்கு எதிரே தண்ணீர் மட்டும்தான் தெரியும். மேலே இருப்பவனுக்கு, நெத்திலி கூட்டமாக வந்தால் கடலில் ஒரு இடம் கறுத்து நகர்வது தெரியும். எனக்குத் தெரிந்ததே இல்லை, அது வேறு. அவன் பக்கத்தில் நின்று, அவன் விரல் காட்டின இடத்தையே முறைத்து முறைத்துப் பார்த்துக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். "தெர்தா மாமு?" என்பான். தெரிகிறது என்று பொய் சொல்வேன். "கிய்ச்ச. நீ மேகத்தோட நெயலப் பாத்துகினு கீற" என்று சிரிப்பான்.

கையை ஊன்றி, உட்கார்ந்த மேனிக்கே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறுவான். என்னைவிடச் சீக்கிரம் ஏறுவான், அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு. மேலே போனதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து நின்று ஒரு சிவப்புத் துண்டை எடுப்பான் பாருங்கள். வடக்கே வீசினால் படகு வடக்கே போகும். தெற்கே வீசினால் தெற்கே. தலைக்கு மேல் சுற்றினால் வலையை வளைக்க வேண்டும். அவனைவிட இருபது முப்பது வயது பெரியவர்களெல்லாம் படகில் நின்றுகொண்டு அந்தத் துண்டையே பார்ப்பார்கள். கைப்பிடிச் சுவரின் மேல் கரித்துண்டால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு கோடும் கடலில் ஒரு இடத்தைக் காட்டும். இங்கே அடியில் பாறை, வலை கிழியும். இங்கே சேறு. இந்த மாதத்தில் மத்தி இந்தக் கோட்டில் வரும். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கோபுரத்துக்குக் கேடு வந்த வருஷம் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். காசிமேட்டுப் பக்கம். பையன் என்ன செய்கிறான் என்று பெண் வீட்டார் கேட்டதற்கு நாகம்மா, "மலைமேல கீறாம்பா, மொத்தக் குப்பமும் அவன் சொல்றத்த கேட்டுகினு கீது" என்றாளாம். தை பிறந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். நான் அப்போது ஒரு அலுவலகத்தில் தினக்கூலித் தட்டச்சராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நிலம், கட்டடம் சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினக்கூலி என்றாலும் பேன்ட்டை இஸ்திரி போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா செருகி, ஏதோ என்னால்தான் அந்தக் கட்டடமே நிற்கிறது என்கிற நினைப்போடு போய்வருவேன். ஒருநாள் என் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. கடற்கரைக் கோபுரத்தின் நிலையை அதிகாரி நேரில் பார்வையிடப் போகிறார், இன்ன தேதி. அவ்வளவுதான் அதில் இருந்தது. அப்படிப்பட்ட விஷயங்களை வெளியே சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சாயங்காலமே குப்பத்தில் போய் நின்றேன்.

அது மட்டும்தான் சொன்னேனா? இல்லையே. ஆபீசர் நல்லவிதமாக எழுதினால் ரிப்பேருக்குப் பணம் வரும், படியெல்லாம் சிமென்ட் போட்டுக் கொடுப்பார்கள் என்று கையிலிருந்து சரக்குப் போட்டேன். "கலீஜா கெடந்தா மரியாதையா இருக்காது, சுத்தம் பண்ணி வைங்க" என்றேன். கோபுர வாசலில், அனுமதியின்றி நுழையக் கூடாது என்று துருப்பிடித்த பலகை ஒன்று உண்டு. அதைக் காட்டி, "மேல ஏறுறீங்களான்னு கேட்டா ஏறுறோம்னு உளறி வைக்காதீங்க, கேஸாயிடும்" என்றும் சொன்னேன். சட்டம் தெரிந்தவன் இல்லையா நான். நாகம்மா கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரு நைனா. படிச்ச புள்ள ஒண்ணு நம்ப பக்கம் கீதே" என்று விரலில் நெட்டி முறித்தாள்.

அந்தக் குப்பத்து ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு. வெளியாள் வருகிறார் என்றால் வீட்டை வழித்துத் துடைத்துவிடுவார்கள். வலை, துடுப்பு, கூடை, கருவாடு, தங்கள் பிழைப்பு சம்பந்தப்பட்ட எதுவும் வந்தவர் கண்ணில் படக்கூடாது. திமிரோ நடிப்போ இல்லை, கூச்சம். பஸ்ஸில் கூடையோடு ஏறினால் கண்டக்டர் மூக்கைப் பொத்துவான். ஸ்கூலில் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்வார்கள். காலம் பூராவும் 'நாறுது, நாறுது' என்று கேட்டுக் கேட்டு, மரியாதைப்பட்டவர் வந்தால் தாங்கள் இருந்த தடமே தெரியாமல் செய்துவிடுவதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது.

மூன்று நாள் வேலை நடந்தது. கயிறுகளை இறக்கினார்கள். பாய்த்துணி, தண்ணீர்ப் பானை, புயலுக்கு மாட்டும் லாந்தர், சாமிப் படம் போட்ட காலண்டர், எல்லாம் இறங்கியது. பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாகக் கடல் தண்ணீரை மேலே அனுப்பிப் படிகளைக் கழுவினார்கள். அப்பாவின் கடையிலிருந்து நானே சுண்ணாம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "செரி, நல்ல காரியந்தானல" என்று இன்னும் ஒரு பொட்டலம் சாம்பிராணி எடுத்துக் கொடுத்தார். மீன் வாடை போவதற்கு. உள்பக்கம் முழுக்க வெள்ளையடித்தார்கள். கைப்பிடிச் சுவருக்கு மட்டும் மட்டையை வேறு யாரிடமும் கொடுக்காமல் ஏழுமலையே அடித்தான். கரிக்கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உன் கோடெல்லாம் போகிறதேடா என்றேன். "அத்த இன்னா, அவரு போனதும் திரும்பப் போட்டுக்கலாம். ஆபீசரு வெள்ளச் சட்டல வருவாரு, கரி ஒட்டிக்கிச்சின்னா பேஜாரு" என்றான்.

அதிகாரி வந்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். ரோட்டில் உர நெடிக்குக் கர்ச்சீப்பை மூக்கில் வைத்தவர், மேட்டில் ஏறியதும் எடுத்துவிட்டார். பின்னால் ஃபைலும் அளவு நாடாவும் சுமந்துகொண்டு நான். வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். கலர் பாட்டில் உடைத்துக் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்தவர் மூக்கை உறிஞ்சி, "என்னய்யா, சாம்பிராணி வாசனை? கோயிலா இது?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் ஊர்ப்பெரியவர்.

ஐயோ, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் குங்குமம் பூசி வைத்திருந்தால் இன்றைக்கு வரை ஒரு பயல் அதைத் தொட்டிருப்பானா? ரோட்டைக்கூட வளைத்துப் போட்டிருப்பார்கள். எத்தனையோ இடத்தில் பார்க்கிறோமே. எங்கள் ஆட்களுக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள், சொன்னார்கள். தங்களுக்கு எதிராகச் சொன்னார்கள்.

"எப்பவும் இவ்ளோ சுத்தமாத்தான் இருக்குமா?"

"எப்பவும் இப்டிதான் சார் கீது."

"யாரும் வர்றதில்லையா?"

"யாரும் வர மாட்டாங்க சார். நாங்க உள்ள காலே வைக்க மாட்டோம்."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். குளித்துத் தலைவாரிக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டு, சுவரில் சாய்ந்து நின்ற ஏழுமலை அவர் கண்ணில் பட்டான். "நீ மேல ஏறுவியாப்பா?" என்று கேட்டார். குரலில் பரிவுதான் இருந்தது. ஏழுமலை ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது என்று காட்டுகிற பார்வை. பிறகு வலது கையால் தன் சூம்பின காலைத் தட்டினான்.

"இந்தக் கால வச்சிகினு நானா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன், எல்லாம் நன்றாகப் போகிறது என்று.

மறுநாள் மத்தியானம் அவர் கையால் எழுதின அறிக்கை தட்டச்சுக்கு என் மேஜைக்கு வந்தது. சுண்ணாம்பு அடித்தது, சுத்தம், உறுதி எல்லாம் எழுதிவிட்டு, நான்காவது வரியில் இருந்தது: கட்டடம் காலியாகவும் எவருடைய பயன்பாட்டிலும் இல்லாமலும் காணப்பட்டது. சுற்றியுள்ளவர்களும் அதையே உறுதி செய்தனர். இங்கிலீஷில் இதைவிடச் சுருக்கமாக, இதைவிட மோசமாக இருந்தது. ஃபைலைப் புரட்டினேன். அடியில் ஒரு கம்பெனியின் விண்ணப்பம். சரக்கு கொட்டி வைக்க இடம் வேண்டும், மேட்டையும் கட்டடத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். யாருக்கும் பயன்படாமல் இருந்தால் கொடுக்கலாம் என்று மேலே யாரோ பச்சை மையில் குறித்திருந்தார்கள். அதைத்தான் அவர் பார்க்க வந்திருக்கிறார்.

எழுந்து அவர் அறைக்குப் போனேன். போனேன் என்பதையாவது எழுதிக்கொள்கிறேன். "சார், அந்தக் கோபுரத்த அவங்க உபயோகிக்கிறாங்க சார். மீன் பாக்கறதுக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களே இல்லைன்னு சொன்னாங்களேப்பா. நீயுந்தான கூட இருந்தே? நாம வர்றது முன்னாடியே தெரிஞ்சு எதையாவது எடுத்து வச்சாங்களா? யாராவது சொல்லியிருப்பாங்களா?" நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சொல்லு, நீ பாத்திருக்கியா? பாத்திருந்தா எழுதிக் கொடு, மாத்திடறேன்."

எழுதிக் கொடுத்திருந்தால் தேதியைச் சொன்னவன் யார் என்பதும் அதிலேயே வந்திருக்கும். தினக்கூலியை நிறுத்த ஒரு நிமிஷம் ஆகாது. நிரந்தரம் ஆக்குகிற பட்டியலில் என் பெயர் அப்போதுதான் ஏறியிருந்தது.

"நான் பாத்ததில்ல சார். கேள்விப்பட்டேன்" என்றேன்.

"கேள்விப்பட்டதெல்லாம் எழுத முடியாதுப்பா" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் திரும்பி வந்து, மூன்று நகல், கார்பன் வைத்து, ஒரு பிழை இல்லாமல் தட்டிக் கொடுத்தேன். குழுவில் படம் போட்ட ஆசாமி எங்கோ பழைய காகிதத்தைத் தேடிப் பிடித்துத்தான் அந்த வரியை எழுதியிருப்பார். அவரை நான் என்னவென்று திட்டுவது? அந்தச் சரித்திரம் என் டைப்ரைட்டரில் இருந்து வந்தது.

நான்கைந்து மாதத்தில் மேட்டைச் சுற்றி முள்கம்பி வந்தது. சிமென்ட் போட ஆள் வந்து போகட்டும் என்று காத்திருந்த ஏழுமலை கோடுகளைத் திரும்பப் போடவே இல்லை. கோபுரத்தை இடிப்பதற்கு முன்னால் மேட்டைத் தோண்டினார்கள். மணல் லாரி லாரியாக எங்கோ பள்ளம் நிரப்பப் போனது. கோபுரம் ஒருநாள் தானாகவே சாய்ந்தது, பிறகு செங்கல்லையும் அள்ளினார்கள். பெரிய வலை இரண்டு வருஷம் தள்ளாடியது. படகில் இருப்பவன் குத்துமதிப்பாக வளைப்பான், வெறும் வலை வரும். முதல் வருஷம் ஏழுமலையின் பங்கை நிறுத்தாமல் கொடுத்தார்கள். கரையில் ஒரு பீப்பாய் மேல் அவனை நிற்க வைத்துக்கூடப் பார்த்தார்கள். இரண்டாம் வருஷம், 'சொம்மா குந்திகினு துன்றதா' என்று அவனே வேண்டாம் என்றுவிட்டான். காசிமேட்டுப் பெண் வீட்டார் அதற்கு முன்பே விலகிப்போயிருந்தார்கள். மலைமேல் இருக்கிறவனுக்குத்தான் பெண் தருவதாகப் பேச்சு, மலையே இல்லை என்றால் எப்படித் தருவார்கள்?

எனக்கு வேலை நிரந்தரமானது.

குப்பத்து ஆட்களுக்கு வேலை தருவதாகக் கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஏழுமலைக்குக் காக்கிச் சட்டை கொடுத்து கேட்டில் உட்கார வைத்தார்கள். ரோட்டைப் பார்த்த ஸ்டூல். வரும் லாரியை அவன் தூரத்திலேயே பார்த்துச் சொல்ல, பக்கத்தில் இருப்பவன் நம்பரை எழுதுவான். கடல் அவன் முதுகுப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது நான் மறுபக்கத்து ஜன்னலில் உட்காருவேன்.

கடைசியாக அவனைப் பார்த்தது காலடிப்பேட்டை டீக்கடையில். எனக்கு ஓய்வு பெறச் சில வருஷங்கள் இருந்தன. அவனுக்கு வேலை போயிருந்தது. கேட்டில் கேமரா வைத்துவிட்டார்களாம். "இன்னா மாமு, கண்டுக்காத போற?" என்று அவன்தான் கூப்பிட்டான். டீ சொன்னான், காசு கொடுக்க விடவில்லை. நாகம்மா போய்ச் சேர்ந்ததைச் சொன்னான். பிறகு, "ஒண்ணு கேக்கணும் ரொம்ப நாளா" என்றான்.

"அன்னிக்கி அந்த ஆபீசரு கேட்டாரே. நீ சொன்னா மாதிரியேதான் சொன்னேன். நா எதுனா ஏடாகூடமா சொல்லிட்டனா? நம்ப வாயாலதான் மல பூட்ச்சோன்னு ஊர்ல ரெண்டு பேரு பேசிகினானுங்க அப்போ. எங்கம்மாவும் சாவற வரிக்கும் 'நீ சிரிச்சிகினே சொன்னதாலதான்டா'ன்னு சொல்லிகினே இருந்துச்சி. நீ ஆபீஸ்ல இருந்தவன், உனக்குத் தெரியும். நம்மளாலயா மாமு போச்சி?"

இத்தனை வருஷம் அவன் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். பதில் என் வாயில் இருந்தது. நான்கு வார்த்தை, அதைச் சொல்லவில்லை. "இல்லடா, நீ சரியாத்தான் சொன்னே" என்றேன்.

"அப்போ ஏன் மாமு புடுங்கிகினானுங்க?"

பஸ் வருகிறது என்று எழுந்தேன். பஸ் எதுவும் வரவில்லை. அடுத்த நிறுத்தம் வரைக்கும் வேகமாக நடந்தேன், அவன் அந்தக் காலோடு பின்னால் வர முடியாது என்று தெரிந்தே நடந்தேன்.

கொரோனா வந்த முதல் வருஷத்தில் அவன் போய்விட்டான். தெரிந்தது நான்கு மாதம் கழித்து. மணல்மேடு இருந்த இடம் இப்போது ரோட்டைவிடத் தாழ்வாக இருக்கிறது, மழை வந்தால் கண்டெய்னர் லாரிகள் முட்டளவுத் தண்ணீரில் நிற்கின்றன. வலை இழுத்த கரையைக் கடல் தின்றுவிட்டது, மிச்சத்துக்குப் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். குப்பத்தில் பாதிப் பேர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கறுத்து நகரும் தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த கண் இப்போது ஒருவருக்கும் இல்லை. தப்பு உன்னுடையது இல்லை ஏழுமலை, என்னுடையது, ஆபீசர் கேட்டபோது உன்னை மலையில் பார்த்ததே இல்லை என்று சொன்னேன், வேலைக்காகச் சொன்னேன். இதைக் கேட்க வேண்டியவன் அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தான். நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.